கல்யாணக்காரருக்கு விட்ட ஏலம்

காலை ஆறு இருபது. நாகர்கோவிலில் நான் தங்கியிருந்த லாட்ஜின் வாசலில் முதலில் கண்ணில் பட்டது என் காரின் முன்கண்ணாடி. அதன்மேல் ரப்பர் பால் ஊற்றப்பட்டு, உறைந்து, வெள்ளையாகக் கிடந்தது. வெறும் பாலை ஊற்றினால் காய்ந்து மங்கிய மஞ்சளாகப் படியும். இது ஆப்பம் போலத் தடித்திருந்தது. ஆசிட் கலந்து, நிதானமாக ஊற்றி, உறையும்வரை பொறுத்திருக்கிறார்கள். கோபத்தில் செய்த வேலை இல்லை.

காவலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் ஒறங்கேல்ல சாரே. ஒரு கண்ணு அடைச்சிருக்கும், அவ்வளவுதான்."

"யார் வந்தது?"

"யாரும் வரல்ல."

"பிறகு இது?"

"தானா வந்து விழுந்திருக்கும்." சிரிக்காமல் சொன்னார். "இன்னைக்கி உங்களுக்கு கேசு உண்டாமே. சாயாக்கடையில பறஞ்சினும்."

ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தேன். கண்ணாடியை விட்டு முழுசாக உரிந்து வந்தது. வைப்பர் இரண்டும் அதற்குள் சிக்கியிருந்ததால் அங்கே மட்டும் பிளேடு வைத்து அறுக்க வேண்டியிருந்தது. கல்லால் அடித்திருந்தால் போலீசில் புகார் எழுதலாம். பால் ஊற்றினால் என்ன சேதம் என்று ஸ்டேஷனில் கேட்பார்கள், பதில் இருக்காது. எதிர்த்தரப்பு இதை யோசித்தே செய்திருந்தது.

அன்று பதினொரு மணிக்கு அவர்களை நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் ஒன்பது பேரும் ரப்பர் வியாபாரிகள். ஒன்பது பேரில் ஒருவர் என் அக்காவின் கணவர்.

நான் முதலில் பத்திரிகையில் வேலை பார்த்தேன். மாவட்டச் செய்தியாளராக இருந்தபோது கற்றுக்கொண்டது இரண்டு விஷயம். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். கேள்வி கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டாவதுதான் பிற்பாடு வக்கீலாக ஆனபோது சோறு போட்டது.

மும்பையில் பங்குச் சந்தை வழக்குகளில் ஆரம்பித்தேன். ஒரு கம்பெனியின் நல்ல செய்தி வெளியாவதற்கு முந்தைய வாரம் அதன் பங்கை வாங்கிக் குவித்தவர்கள் யார், அவர்கள் காதில் சொன்னது யார் என்று தேடும் வேலை. தேடிப்போனால் பெரும்பாலும் ஒரு மைத்துனன் கிடைப்பான், இல்லையென்றால் ஒரு சம்பந்தி. எதிர்த்தரப்பில் வருகிறவர்கள் இஸ்திரி கலையாத சட்டைக்காரர்கள். லிப்ட் கதவை நமக்காகப் பிடித்து நிறுத்துவார்கள். அன்று மாலையே நம் கட்சிக்காரரின் சாட்சியை விலைக்கு வாங்கியிருப்பார்கள். பிறகு தில்லிக்குப் போனேன். அங்கே போட்டிச் சட்ட வழக்குகள். எதிரெதிராக வியாபாரம் செய்ய வேண்டியவர்கள் கூடிப் பேசி விலை வைப்பதும், டெண்டரை முறை வைத்துப் பங்கு போடுவதும்தான் இந்தச் சட்டத்தில் பெரிய குற்றம், கார்ட்டெல் என்பார்கள். கூடிப் பேசினார்கள் என்று காட்டிவிட்டால் போதும். அதனால் கெடுதல் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆனால் கூடிப் பேசியதைக் காட்டுவதுதான் நடக்காத காரியம். யாரும் அதை ஒலிபெருக்கி வைத்துச் செய்வதில்லை.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவர் புதுக்கடையில் ரப்பர் கடை நடத்தும் ஒரு பெண். நாற்பது தாண்டியவர். கணவர் வளைகுடாவிலிருந்து திரும்பிவந்து தொடங்கிய கடை. தொடங்கிய இரண்டாம் வருடம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். கடையை மூடச் சொன்ன சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு இவர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரிடம் சரக்கு வாங்கிய பெரிய வாடிக்கை ஒன்றே ஒன்றுதான்: ஒட்டுப்பாலை அரைத்து கிரேப் என்னும் ரப்பர் தகடு போடும் ஒரு மில். மரத்தின் வெட்டுப்பட்டையிலும் பால் பிடிக்கும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ரப்பரைத்தான் ஒட்டுப்பால் என்பது. மாதம் ஒரு லாரி நிலையாகத் தர முடிந்தால் வாங்குவோம், அடுத்த வருடம் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் காலம் வரை பார்ப்போம், அதற்குமேல் வேறு ஆளைத் தேடிக்கொள்வோம் என்று மில்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மில் போனால் கடை போகும். அவ்வளவுதான் வழக்கு.

ஒட்டுப்பால் மொத்தமாகக் கிடைக்கிற இடம் மலையடிவாரத்தில், கீரிப்பாறைக்குப் போகும் பாதையில் இருந்த ஓர் ஏலக்களம். ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கும் தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. மாதம் ஒருமுறை சரக்கைக் குவியல் குவியலாகக் கொட்டி, குச்சி நட்டு நம்பர் எழுதி வைப்பார்கள். ஒவ்வொரு குவியலும் ஒரு லாட். நாற்றம் மெயின் ரோடு வரைக்கும் வரும். அந்த ஒன்பது வியாபாரிகளும் வருவார்கள், எதிரே இருக்கும் கடையில் சாயா குடிப்பார்கள், களத்துக்குள் வருவார்கள். ஏலம் கூவினால் ஒருவர் மட்டும் கேட்பார். மற்ற எட்டுப் பேரும் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

என் கட்சிக்காரர் முதல்முறை போய் ஒரு லாட்டுக்கு வாயைத் திறந்ததும் எட்டுப் பேரும் மலையிலிருந்து கண்ணை எடுத்தார்கள். அன்று எல்லா லாட்டும் சந்தை விலைக்கு மேலே போனது. ஒன்றுகூட அவருக்கு விழவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. அவர் வராத மாதத்தில் மறுபடி ஒருவர் மட்டும் கேட்டார். அவரை விரட்டுவதற்காக ஏற்றிய விலையால் வந்த நஷ்டத்தை ஒன்பது பேரும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். காட்ட முடியவில்லை.

முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொன்னேன்: "அந்த ஒன்பது பேரில் ஒருவர் என் அத்தான். நீங்கள் வேறு வக்கீலைப் பார்ப்பது நல்லது."

"அறிஞ்சுதான் வந்தேன் சாரே," என்றார். "இந்த ஜில்லாவுல அவனுவளுக்குச் சொந்தம் இல்லாத வக்கீல நீங்க ஒண்ணு காட்டித் தாங்கோ. நீங்க ஒருத்தருதான் அத முதல்ல பறஞ்சது."

வழக்கை விசாரிக்கும் போட்டி ஆணையத்திடமும் அதை எழுத்தில் தெரிவித்தேன். எதிர்த்தரப்பு ஆட்சேபம் சொல்லவில்லை. சொந்தக்காரன் கையை ஓங்கி அடிக்க மாட்டான் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கலாம்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு அக்கா வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் அதுவும் ஒரு பேச்சாகியிருக்கும். அக்கா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"வந்தியா? நல்லது. வாசல்ல நிக்காத. ஆளுவ பாப்பினும்."

"உள்ளே வரவா?"

"எதுக்கு? அத்தானுக்க கைய எப்பிடிக் கெட்டுகதுன்னு பாக்கவா?"

"அக்கா, அவருக்கு ஜெயில் எல்லாம் கிடையாது. அபராதம்தான்."

"ஏலே, டெல்லியில ஒனக்கு கேசு கெடைக்காதா? உள்ள ஊரெல்லாம் விட்டுட்டு இஞ்ச வந்துதான் புடிக்கணுமா?"

"அந்த அம்மாவுக்குக் கடை போய்விடும்."

"கடை போனா வேற கடை வைக்கட்டு. இவருக்க பேரு போனா எந்தக் கடையில வாங்க?"

உள்ளேயிருந்து அத்தான் குரல் கொடுத்தார். "ஆரு, வக்கீல் சாரா? இருக்கச் சொல்லு. இல்லன்னா நிக்கச் சொல்லு. அவருக்க இஷ்டம்."

முப்பது வருடமாக என்னை மாப்ள என்றுதான் கூப்பிட்டார். அன்று முதல்முறையாக சார் போட்டார். அக்கா கேட்டின் கொண்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது.

அந்த இரண்டு நாளும் ஊர் அதன் முறைப்படி நடந்துகொண்டது. ஜெராக்ஸ் கடையில் மெஷின் ரிப்பேர் என்றார்கள். எனக்குப் பின்னால் நின்ற பையனுக்கு அதே மெஷின் ஓடியது. நீதிமன்ற வளாகத்தில் என்னோடு சட்டம் படித்தவர் எதிரே வந்தார், செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு தாண்டிப் போனார். போன் தலைகீழாக இருந்தது. லாட்ஜ் மேனேஜர் ரூமை எப்போது காலி செய்வீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார். மும்பையில் என்னை வெறுத்தவர்கள் பல்லைக் காட்டினார்கள். இங்கே அந்தச் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

விசாரணை ஓர் அரசு அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. தில்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க மதுரையிலிருந்து ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். தட்டச்சு செய்ய ஒரு பெண். எதிர்த்தரப்பு வக்கீல் சென்னைக்காரர், இந்தச் சட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஒன்பது பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் மூன்றாவது நாற்காலி. சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கட்சிக்காரர் எனக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்தார்.

முதல் சாட்சி அவர்களின் தலைவர். எழுபது வயது. துவைத்து நீலம் போட்ட வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. மாவட்டத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். ஒன்பது பேரும் ஒரே மாதிரி வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள்: ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்து ஏலம் கேட்கிறோம், எங்களுக்குள் எந்த ஏற்பாடும் இல்லை. அதை உடைக்க என்னிடம் ஏல விலைகள் தவிர வேறு எதுவும் இல்லை. ஒருவர் மட்டும் கேட்டதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். வெறும் விலையை வைத்து ஜெயித்த வழக்கை நான் பார்த்ததில்லை.

"ஏலத்துக்கு முன்பு எல்லாரும் சேர்ந்து சாயா குடிப்பீர்களா?"

"குடிப்போம் வக்கீலே."

"ஒரே கடையில்?"

"அங்ஙன ஒரு கடைதான் உண்டு."

பின்னால் சிரித்தார்கள்.

"அப்போது என்ன பேசுவீர்கள்?"

"மழை. பின்ன அரசியல். பின்ன அவனவனுக்க பிரஷர் குளிகை."

"லாட்டைப் பற்றிப் பேசுவதில்லையா?"

"சாயா குடிக்கம்ப ஒட்டுப்பாலப் பத்திப் பேசினா சாயா எறங்குமா? அதுக்க நாத்தம் உங்களுக்கு எங்க தெரியும். நீங்க அஞ்சுகிராமத்துக்காரரு. அங்க உள்ளது வாழையும் முருங்கையும்."

இந்தமுறை நன்றாகவே சிரித்தார்கள். அவர்கள் வக்கீலும் சிரித்தார். மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் தில்லி அதிகாரி மெல்லப் புன்னகைத்தார். ஒரு மணி நேரம் இப்படியே போனது. நான் கேட்டேன், தலைவர் தட்டிவிட்டார். அத்தான் காலண்டரை விட்டுவிட்டு என்னைப் பார்க்க ஆரம்பித்தார். என் கட்சிக்காரரின் வளையல் பின்னால் ஒருமுறை அசைந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அதில் பெரிய தந்திரம் ஒன்றும் கிடையாது. அவர்கள் மறுப்பை இறுக்கமாகப் பதிவு செய்து வைத்தால், பிற்பாடு ஏதாவது ஆதாரம் கிடைக்கும்போது பொய் என்று காட்டலாம். எந்த வக்கீலும் கேட்கிற கேள்விதான்.

"ஆக, உங்கள் பதில் இதுதான். அந்தக் களத்தில் நீங்கள் யாரும் யாருக்காகவும் ஒதுங்கி நின்றதில்லை. ஒருவருக்கொருவர் எந்த உதவியும் செய்ததில்லை. அவரவர் லாபத்தை அவரவர் பார்த்துக்கொண்டீர்கள். சரியா?"

சென்னை வக்கீல் தலையை ஆட்டினார். அவர் சொல்லிக்கொடுத்த பதிலைத்தான் நான் கேள்வியாகக் கேட்டிருந்தேன். தலைவர் "ஆமா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

அவர் சொல்லவில்லை. திரும்பி, நாற்காலி வரிசையைப் பார்த்தார். முதலில் இருந்தவரிலிருந்து கடைசியில் இருந்தவர்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஒருத்தருக்கும் உதவி செய்யல்லன்னு நான் எப்பிடிப் பறையது?" என்றார்.

சென்னை வக்கீல் எழுந்தார். "சாட்சிக்குக் கேள்வி புரியவில்லை."

"எனக்கு மனசிலாச்சு. நீரு இரியும்." தலைவர் என் பக்கம் திரும்பினார். "எங்களக் கள்ளன்மாருன்னு எழுதிக் குடுத்திருக்கு. சரி, எழுதட்டு. ஆனா தன்வயித்துக்காரன்னு எங்கள ஒருத்தனும் பறையப்பிடாது. கூட்டத்துல ஒருத்தன் பிள்ளையக் கெட்டிக் குடுக்கம்ப நாங்க ஒதுங்கி நின்னு குடுக்கல்லியா? ஒரு சீசன் முழுக்க அவன் மட்டும் கேப்பான். மத்தவன் வாயத் தொறக்க மாட்டான். இது உதவி இல்லன்னா பின்ன என்னது?"

மதுரை மொழிபெயர்ப்பாளர் பாதியில் நின்றார். ஐயா பேசுகிற வேகம் பிடிபடவில்லை, மறுபடி சொல்ல முடியுமா என்றார். சென்னை வக்கீல் ஐந்து நிமிட இடைவேளை கேட்டார். தலைவர் இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு, காது கேளாதவருக்குச் சொல்வதுபோலச் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி மறுபடி சொன்னார். இரண்டாவது தடவை கொஞ்சம் கூடவே வந்தது.

"இவருக்க அக்கா மகளுக்க கல்யாணம் எப்பிடி நடந்துன்னு இவரே பறையட்டு. இந்த வக்கீலுக்க மருமொவதான். அந்த வருசம் முழுச் சீசனும் இவருக்க அத்தானுக்கு விட்டுக் குடுத்தோம். இவரு பந்தியில மொத வரிசையில இருந்து ரெண்டு தடவ பிரதமன் பாயாசம் கேட்டு வாங்கிக் குடிச்சாரு. அது எங்க சீசன்ல காச்சின பிரதமன்." தட்டச்சுப் பெண்ணைப் பார்த்தார். "எழுது பிள்ள."

அவள் எழுதினாள்.

"வேறு யாருக்கெல்லாம் இந்த உதவி கிடைத்தது?" என்று கேட்டேன்.

அவர் விரலை மடக்கவில்லை. நாற்காலி நாற்காலியாகக் காட்டிச் சொன்னார். இவனுக்க மூத்தவளுக்கு. அவனுக்கு ரெண்டு பிள்ளைய, ரெண்டு சீசன். இன்னா இருக்கவனுக்குப் பெண்பிள்ளை கிடையாது, வீடு பால்காய்ச்சுக்கு. சொல்லச் சொல்ல வரிசையில் முதுகுகள் நிமிர்ந்தன. ஒருவர் கண்ணைத் துடைத்தார். அவர் பெயர் வந்தபோது எழுந்து நிற்கவும் செய்தார், சபையில் பாராட்டு வாங்குகிறவர் மாதிரி.

"என் கட்சிக்காரருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவருக்கு எப்போது சீசன்?"

தலைவர் இதை எதிர்பார்க்கவில்லை. "அது எப்பிடி? அவ எங்க கூட சாயா குடிக்க வருவாளா?"

பின்னாலிருந்து என் கட்சிக்காரர் பேசினார். சாட்சி சொல்லாதவர்கள் அங்கே பேசக் கூடாது. யாரும் தடுக்கவில்லை.

"கூப்பிட்டியளா?"

நான் உட்கார்ந்தேன்.

இடைவேளையில் வராந்தாவில் மற்ற எட்டுப் பேரும் தலைவரைச் சூழ்ந்து நின்றார்கள். ஒருவர் அவர் தோளைத் தட்டி, "நல்லா பறஞ்சியரு. நாக்க புடுங்குகது மாதிரி" என்றார். அவர்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார்கள். சென்னை வக்கீல் போய்ச் சுருக்கமாக ஏதோ சொன்னார். வட்டம் மெல்ல அகன்றது. இப்போது தலைவர் நடுவில் தனியாக நின்றார்.

வக்கீல் திரும்பி வரும் வழியில் என் பக்கத்தில் நின்று, குரலை இறக்கினார். "கார்ட்டெல் கேஸ்ல எத்தனையோ சாட்சியப் பாத்திருக்கேன் சார். பொய் சொல்லி மாட்டினவன் உண்டு. யாருக்கும் நல்லது செய்யலைன்னு சத்தியம் பண்ண மாட்டேன்னு சொல்லி மாட்டினவன் இவர்தான்."

எனக்குத் தலைவர்மேல் இரக்கம் வரவில்லை. அந்த ஒன்பது வீட்டுக் கல்யாணங்களுக்குச் சோறு போட்டது அவர்களுடைய பெருந்தன்மை இல்லை. களத்தில் சரக்கைக் கொட்டிவிட்டு, ஒற்றை ஆள் கேட்கிற விலையை வாங்கிக்கொண்டு போன தோட்டக்காரர்கள்தான் அந்தச் செலவைச் செய்தார்கள். அவர்கள் வீட்டிலும் பெண்கள் இருந்தார்கள். அந்தக் கல்யாணங்களுக்கு யாரும் ஒதுங்கி நிற்கவில்லை. ஒன்பது பேருக்குள் நடக்கும்வரை அதற்கு உதவி என்று பெயர். பத்தாவது ஆள் வந்து நின்றபோது அதே ஏற்பாடு எப்படி நடந்துகொண்டது என்பதை என் கட்சிக்காரர் இரண்டு ஏலத்தில் பார்த்திருந்தார்.

தலைவர் என்னைத் தேடி வந்தார். "உள்ளதத்தானே பறஞ்சேன். அதுல என்ன தெற்று?"

"எல்லாமே சரியாகச் சொன்னீர்கள்," என்றேன்.

"பின்ன எதுக்கு எல்லாவனும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்?"

அத்தான் படிக்கட்டில் நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தாண்டும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கொள்ளாம் மாப்ள. அடிக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல. நாங்களே வந்து கழுத்த நீட்டினோம். இனிமே வீட்டுப் பக்கம் வரப்பிடாது, கேட்டியா."

மாப்ள என்று திரும்பவும் வந்துவிட்டதைக் கவனித்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. ஓணத்துக்கு என் மனைவி கூப்பிட்டபோது அக்கா எடுத்து, "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாள்.

உத்தரவு வர எட்டு மாதம் ஆனது. ஒன்பது பேரும் கூட்டுச் சேர்ந்து ஏலத்தைக் கெடுத்தார்கள் என்று ஆணையம் சொன்னது. தலைவரின் சாட்சியம் உத்தரவில் முழுப் பக்கம் வந்திருந்தது, பிரதமன் உட்பட. அபராதத்தை எதிர்த்து அப்பீல் போனார்கள், அதற்கு இடைக்காலத் தடையும் வாங்கினார்கள். ஆனால் கூட்டைக் கலைக்க வேண்டும், லாட்டுகளை ஒதுக்குவதும் நஷ்டத்தைப் பகிர்வதும் கூடாது என்ற பகுதிக்குத் தடை கிடைக்கவில்லை. மில்காரர்கள் சொன்ன கெடுவுக்கு அப்போது மூன்று ஏலம்தான் மிச்சமிருந்தது.

முதல் ஏலத்துக்கு நானும் போனேன். வேலிக்கு வெளியே நின்றேன். சாயாக்கடையில் யாரும் இல்லை. ஒன்பது பேரும் தனித்தனியாக வந்து, களத்தின் வெவ்வேறு மூலைகளில் நின்றார்கள். சென்னை வக்கீல் அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார். என் கட்சிக்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் நடந்து ஒவ்வொரு குவியலையும் கம்பியால் குத்திப் பார்த்தார். உள்ளே எவ்வளவு ஈரம், எவ்வளவு பட்டை என்று முகர்ந்தார்.

"ஏட்டி, பாத்து. குவியலுக்குள்ள விழுந்து போவாத. பின்ன ஒன்னையும் சேத்து ஏலம் விடணும்," என்றார் ஒருவர்.

"விடுங்கோ. நீரு கேக்கப்பிடாது, அவ்வளவுதான். உமக்குக் கட்டுப்படியாவாது," என்றார் அவர்.

ஏலம் தொடங்கியது. அவர் வாயைத் திறந்த லாட்டுக்கெல்லாம் ஒன்பது பேரும் பாய்ந்தார்கள். வெறுப்பு அப்படியே இருந்தது, முறையும் பழைய முறைதான். விலை சந்தைக்கு மேலே போனது. ஒவ்வொரு தடவையும் சந்தை விலை வரை கேட்டுவிட்டு அவர் நின்றுகொண்டார். அன்றும் ஒன்றும் விழவில்லை.

திரும்பும்போது காரில், "இப்பிடித்தான் மூணும் போவுமா சாரே?" என்று கேட்டார்.

"அந்த விலைக்கு எடுத்தவன் வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்ப்பான். முன்பு மற்ற எட்டுப் பேர் பங்கு கொடுத்தார்கள். இப்போது கொடுத்தால் கோர்ட் அவமதிப்பு மாதிரி ஆகும்."

"குடுத்துடுவானுவ. வெறப்புல."

"வெறப்பு ஒரு மாதம் தாங்கும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொன்னதை நான் முழுசாக நம்பினேன் என்று சொல்ல முடியாது. சட்டப் புத்தகங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வெறப்பு என்கிற வீம்பைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை.

இரண்டாவது ஏலத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். தலைவர் வரவில்லை. வந்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. முந்தைய மாதம் எடுத்த சரக்கை யார் எவ்வளவு குறைத்து விற்றார் என்பதில் அவர்களுக்குள் ஏதோ வாய்த்தகராறு நடந்திருந்ததாகக் களத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரு லாட்டில் இரண்டு பேர் என் கட்சிக்காரரை மறந்துவிட்டு ஒருவருக்கொருவர் எதிராகவே ஏற்றிக்கொண்டே போனார்கள். "நீ அன்னைக்கி எனக்க லாட்ட எடுத்ததுக்குத்தாம்லே இது," என்று ஒருவர் சொன்னது வேலி வரை கேட்டது. கூவுகிறவர் இரண்டு தடவை நிறுத்தி, நிஜமாகத்தான் கேட்கிறீர்களா என்று விசாரித்தார். தோட்டக்காரர்களில் சிலர் வேலியோரம் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். தங்கள் சரக்குக்கு இரண்டு பேர் மோதி அவர்கள் பார்த்ததில்லை.

அன்றும் அவருக்கு விழவில்லை. மில்லிலிருந்து மேனேஜர் போன் செய்தார். என் கட்சிக்காரர் காரிலேயே பதில் சொன்னார்: "அடுத்த மாசம் லாரி வரும். வரல்லன்னா நீங்க கூப்பிட வேண்டாம், நானே கூப்பிட்டுச் சொல்லுதேன்."

மூன்றாவது ஏலத்துக்கு நான்கு பேர். மழை தூறியது. முதல் பத்து லாட்டும் அவர்களுக்குள் பிரிந்து போனது. பதினோராவது, ஒரு லாரி நிறையும் பெரிய குவியல், நன்றாகக் காய்ந்தது, பட்டை குறைவு. என் கட்சிக்காரர் கேட்டார். இருவர் ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆள் குடையை மடக்கிக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். நான்காவது ஆள் மட்டும் அவர் சொன்னதற்கு மேல் சொன்னார், மறுபடி மேல் சொன்னார், சந்தை விலையைத் தொட்டதும் கட்டுப்படியாகாது என்று கையை விரித்துவிட்டார். என் கட்சிக்காரர் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டினார். கூவுகிறவர் மூன்று தடவை சொல்லிக் குச்சியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தார்.

அவருக்கு எதிராகக் கடைசிவரை கேட்டது என் அத்தான்.